மீன்கண் லென்ஸைத் தூர நின்று பிடிக்க ஏலாது

இஞ்சாருங்கோ, என் அன்புக்குரியவரே,

கேட்கிறதோ? உங்கள் நினைவாக நாலு வரி எழுதித் தரும்படி சங்கத்து ஆண்டு மலர்க்காரர் கேட்டிருக்கிறார்கள். அமைதியானவர், ஒருவர் மனத்தையும் நோகடிக்காதவர் என்று எழுதினால் போதுமாம். அது உண்மைதான். ஆனால் எனக்கு உங்களோடு ஒரு சண்டை மிச்சம் இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். ஜெர்மனியில் இந்த எசன் நகரத்தில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுக்க வாசிக்கும் என்று தெரியும். வாசிக்கட்டும்.

முதலில் வீட்டு நடப்பைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு அதே காலை வேலைதான். கெல்லரில், அந்த நிலவறையில், நீங்கள் அடுக்கிவைத்திருந்த ஹார்ட் டிஸ்க் பெட்டிகளை மேலே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன், கீழே ஈரம் பிடிக்கிறது. சனிக்கிழமைகளில் கமராப் பையைத் தூக்கிக்கொண்டு கலியாண மண்டபங்களுக்கு இன்னும் போகிறேன். ஓம், தனியாகத்தான்.

அந்தத் தனிதான் இப்போது பிரச்சினை. நாங்கள் இருவரும் வேலையை எப்படிப் பிரித்து வைத்திருந்தோம் என்று நினைவிருக்கிறதா? நீங்கள் நீட்டு லென்ஸோடு மண்டபத்தின் பின்சுவரில் சாய்ந்து நிற்பீர்கள். நான் வைட் லென்ஸோடு மணவறைக்குக் கிட்டப் போவேன். உங்களுக்கு ஆட்களின் முகத்துக்கு முன்னால் போய் நிற்பதற்கே கூச்சம். எனக்கு அந்தக் கூச்சம் கடவுள் தரவில்லை.

மீன்கண் லென்ஸ் வாங்கிய கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கொலோனில் ஒரு ஜெர்மன்காரரிடம் பழசாக வாங்கிக்கொண்டு வந்தேன். முன்கண்ணாடி உருண்டு புடைத்திருந்தது. நீங்கள் அதைக் கமராவில் பூட்டி, குசினியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கண்ணோ, கரண்டியின்ரை முதுகோ?" என்று கேட்டீர்கள். நான் எடுத்த முதல் பத்துப் படத்திலும் என்னுடைய செருப்பு வந்திருந்தது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் பார்க்கிற லென்ஸ், பிடிக்கிறவளின் காலை மட்டும் விட்டுவைக்குமா?

மற்ற வைட் லென்ஸ் தூணைத் தூணாகவே காட்டும். ஆனால் ஓரத்தில் நிற்கிற ஆளின் கன்னத்தையும் இடுப்பையும் அகட்டிவிடும். ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையின் அத்தை ஓரத்தில் நின்று இரண்டு கதிரை கொள்ளாத ஆளாகிப்போனா. பிறகு தெருவில் கண்டால்கூட அவ எங்களோடு கதைக்கவில்லை. மீன்கண் அப்படி ஒருவரையும் அகட்டாது. அது தூணை வில்லாக வளைக்கும், ஓரத்தில் நிற்கிற ஆளைச் சிறிதாக்கி உள்பக்கம் சாய்த்துவிடும். ஆனால் ஒருவரையும் வெளியே விடாது.

இன்னொன்று. அதைத் தூர நின்று பிடிக்க ஏலாது. தாலி கட்டும்போது ஒரு முழம், மிஞ்சினால் இரண்டு முழம், அதற்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் மாப்பிள்ளை பொம்பிளையைவிட மண்டபத்துச் சரவிளக்குத்தான் பெரிதாகத் தெரியும். இது என்னுடைய கொள்கை இல்லை, கண்ணாடியின் குணம்.

நீங்கள் போனபிறகு சனத்துக்கு இந்தக் குணம் பிடிக்காமல் போய்விட்டது. முதலில் ஃபோனில் நல்ல மரியாதையாகத்தான் கேட்டார்கள். அக்கா, நீங்கள் வீட்டிலிருந்து அல்பத்தைச் செய்து தாருங்கோ, எடுக்கிறதுக்கு வேறு ஆளைப் பார்க்கிறம் என்றார்கள். இன்னொரு வீட்டார், வாருங்கோ, ஆனால் தாலி கட்டும்போது மட்டும் கொஞ்சம் பின்னால் நில்லுங்கோ என்றார்கள். புருஷன் செத்தவள் மணவறைக்குக் கிட்ட வரக்கூடாது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நல்ல சனம் அல்லவா, வாய்விட்டுச் சொல்லாது.

அந்த வீட்டுக் கலியாணத்தில் சொன்னபடி பின்னால் நின்றேன். உங்களுடைய நீட்டு லென்ஸைப் பூட்டிக்கொண்டு, நீங்கள் சாய்கிற அதே மாதிரிச் சுவரில் சாய்ந்து நின்றேன். கெட்டிமேளம் தொடங்கியதும் முன்வரிசை முழுக்க எழும்பிவிட்டது. ஆளாளுக்கு ஃபோனைத் தூக்கினார்கள், ஒரு பெரியவர் டேப்லெட்டையே தூக்கினார். நான் எடுத்ததில் ஒரு ஆளின் பிடரியும் பதினைந்து ஃபோன் திரைகளும்தான் இருந்தன. அந்தத் திரைகளுக்குள் குட்டிக்குட்டியாய்த் தாலி கட்டுகிறது தெரிந்தது.

இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தக் கலியாணத்து மணப்பெண் ஃபோன் எடுத்தாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, சகுனம் கிகுனம் ஒன்றும் தெரியாது. அன்ரி, தாலி கட்டின படத்தைக் காணேல்லையே, வேற கார்டிலை இருக்கோ என்று கேட்டாள். உங்கள் வீட்டார் என்னைப் பின்னால் நிறுத்தினார்கள் பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. கார்ட் பழுதாகிவிட்டது என்று பொய் சொன்னேன். இத்தனை வருட வேலையில் நான் சொன்ன முதல் பொய் அது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த நேரத்தில்தான் பவானி மச்சாள் வந்தா. உங்கள் அக்கா. வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், மச்சாளும் புருஷனை இழந்தவதான். இரண்டு பெண்பிள்ளைகளையும் தனியாக வளர்த்து ஆளாக்கியவ. மூத்தவள் வித்யாவுக்குக் கலியாணம் முற்றாகி, நாளும் வைத்து, துருக்கிக்காரர் நடத்துகிற அந்தப் பெரிய மண்டபத்தையும் எடுத்தாயிற்று.

தாய்மாமன் என்ற முறையில் நீங்களும் நானும் மணவறையில் இருந்து வித்யாவைத் தாரை வார்த்துக் கொடுப்பதாக எப்போதோ பேசி வைத்திருந்தது. மச்சாள் தனி ஆள், அவ இருக்கக்கூடாது என்பதால் நாங்கள். இப்போது நானும் தனி ஆள். அதனால் கொலோனிலிருந்து தூரத்துச் சொந்தத்தில் ஒரு சோடி வரப்போகிறதாம். அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அடுத்துச் சொன்னதுதான் பட்டது.

"மற்றப் படமெல்லாம் நீயே எடு வசந்தி. தாலி கட்டேக்கை மட்டும் பின்னாலை நில்."

"ஆர் சொன்னது மச்சாள்?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அவை சொல்ல முதல் நானே சொல்லுறன். பின்னாலை நிண்டு எடுக்கிறதுக்குத் தம்பியின்ரை லென்ஸ் இருக்குத்தானே."

பார்த்தீர்களா? உங்களுடைய லென்ஸை வைத்தே என்னைப் பின்னால் தள்ளப் பார்த்தா. அந்த லென்ஸாலை எடுத்தா உங்கட மகளின் தாலி வராது, ஆரோ ஒருவரின் பிடரிதான் வரும் என்று சொன்னேன். அவவுக்கு என்மேல் வஞ்சகம் இல்லை, எனக்குத் தெரியும். இருபது வருடமாகத் தன்னைத் தானே பின்னால் நிறுத்திப் பழகிய மனுசி. எனக்கும் அதைப் பழக்கினால் எனக்கு நோகாது என்று நினைத்தா போல.

அவ போனபிறகு வித்யா ஃபோன் எடுத்தாள். மண்டப வாசலில் மாமாவின் படம் ஒன்றை வைக்க வேணும், நல்லதாய் ஒன்று எடுத்துத் தாருங்கோ மாமி என்றாள். சரி என்று டிஸ்க் பெட்டிகளைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி மத்தியானச் சோறு மறந்து தேடினேன். நீங்கள் இல்லை. ஊரில் உள்ள எல்லாருடைய கலியாணமும் இருக்கிறது, உங்களைக் காணவில்லை. படம் எடுக்கிறவனை ஆர் படம் எடுக்கிறது?

பிறகுதான் என்னுடைய மீன்கண் படங்களின் மூலத்தைத் திறந்து பார்த்தேன். அல்பத்துக்குப் போனவை இல்லை, கமராவிலிருந்து வந்தபடியே கிடந்தவை. ஒரு படத்தில் ஓரத்தைப் பெரிதாக்கினேன். பின்சுவர் வளைந்து இறங்குகிற இடத்தில், குண்டூசித் தலையளவு முகத்தோடு, நீட்டு லென்ஸைக் கண்ணில் வைத்தபடி நீங்கள் நின்றீர்கள். அடுத்த கலியாணத்திலும் நின்றீர்கள். அதற்கடுத்ததிலும். மேசையில் தலையை வைத்து அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அழுது முடிந்த பிறகுதான் மற்றது கண்ணில் பட்டது. நீங்கள் அங்கே தனியாக நிற்கவில்லை. உங்களுக்குப் பக்கத்தில், குசினிக் கதவடியில், ஒவ்வொரு கலியாணத்திலும் மூன்று நாலு பெண்கள் நின்றார்கள். மங்கின நிறச் சீலை, வெறுங்கழுத்து. ஒருவரும் சொல்லாமலே தாங்களாகப் பின்னுக்குப் போய் நின்றவர்கள். பல படங்களில் அவர்களில் ஒருத்தி பவானி மச்சாள்.

அல்பங்களில் இவர்கள் ஒருவரும் இல்லை. ஏன் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். மணவறைத் தூண் வளைந்து தெரிந்தால் சகுனப் பிழை என்று ஒரு வீட்டார் சொன்ன நாளிலிருந்து, எல்லா மீன்கண் படத்தையும் கம்ப்யூட்டரில் போட்டு நிமிர்த்தத் தொடங்கினோம். தூணை நிமிர்த்தினால் படத்தின் ஓரம் கிழிந்த துணி மாதிரி இழுபடும். அதை வெட்டித்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். வெட்டிய ஒவ்வொரு ஓரத்திலும் இந்தப் பெண்கள் போனார்கள், கூடவே நீங்களும் போனீர்கள்.

இதுதான் என்னுடைய சண்டை. வெட்டியது பெரும்பாலும் என் கைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பின்னால் நின்றவர், அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர், உங்களுக்குத் தெரியும். ஒருநாளாவது, "வசந்தி, இதிலை அக்கா நிக்கிறா, வெட்டாதையும்" என்று சொன்னீர்களா? தூண் நேராக நின்றால் எங்களுக்குப் போதும் என்று இருந்துவிட்டோமே, இரண்டு பேரும்.

நீங்கள் இப்போது என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். விடுமப்பா, சனத்தோடை ஏன் கொழுவுறீர் என்பீர்கள். விடமாட்டேன். உங்களோடு இருந்த காலத்தில் நிறைய விட்டுவிட்டேன்.

வித்யாவின் கலியாணத்தன்று நான் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டுதான் போனேன். சடங்கு தொடங்கும்போதே மணவறையடிக்குப் போனால் யாராவது வந்து கையைப் பிடித்து மெல்லமாக விலத்துவார்கள். அதனால் போகவில்லை. சொன்னபடி பின்னால் நின்றேன், நல்ல பிள்ளையாக. மாப்பிள்ளை வந்து இருந்தார், ஐயர் மந்திரம் சொன்னார், வித்யா கூறைச் சீலை மாற்றிக்கொண்டு வந்தாள். கொலோன் சோடி தாரை வார்த்தது. அட்சதைத் தட்டம் வரிசை வரிசையாகச் சுற்றி வந்தது. குசினிக் கதவடியில் நின்ற மச்சாளிடம் மட்டும் அது போகவில்லை. என்னிடமும் நீட்டவில்லை.

ஐயர் தாலியைக் கையில் எடுத்துத் தவில்காரரைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கணத்துக்குத்தான் காத்திருந்தேன். கெட்டிமேளம் தொடங்கியதும் மீன்கண்ணைப் பூட்டிய கமராவோடு நடுப்பாதையால் நேரே நடந்தேன். தாலி ஏறுகிற நேரத்தில் விதவை கிட்ட வருவது அபசகுனம் என்றால், அந்த நேரத்தில் வாய் திறந்து சண்டை பிடிப்பதும் அபசகுனம்தானே? ஆர் என்னை மறிப்பது?

மாப்பிள்ளையின் சித்தப்பா என்னைப் பார்த்தார். வாய் திறந்தார். தவில் காதைப் பிளந்தது. மூடிக்கொண்டார். அவருக்கும் அவர் தூக்கிப் பிடித்திருந்த டேப்லெட்டுக்கும் நடுவால் குனிந்து போய், மணவறைப் படியில் சபையும் தெரியும்படி பக்கவாட்டில் ஒரு முழங்காலை ஊன்றி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் கைக்கு இரண்டு முழத்துக்குள் நின்றேன். வித்யா என்னைக் கண்டாள். அழுகையும் சிரிப்புமாய்க் கழுத்தைக் குனிந்தாள். மூன்று முடிச்சும் என் கண்ணுக்கு முன்னால் விழுந்தது. என் தலையிலும் அரிசி கொட்டியது, தடுக்க ஒருவராலும் முடியவில்லை.

பிறகு நடக்க வேண்டியது நடந்தது. சாப்பாட்டு மேசையில் என்னோடு கதைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழும்பி வேறு மேசைக்குப் போனார்கள். அடுத்த மாதம் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குச் சொல்லி வைத்திருந்த ஒரு குடும்பம், மண்டபத்தில் ஏதோ டெர்மின், திகதிப் பிரச்சினை என்று சொல்லி என்னை நிற்பாட்டியது. மண்டபம் நிற்கவில்லை, நான்தான் நின்றேன். பரவாயில்லை. மச்சாள் பத்து நாளாக ஃபோன் எடுக்கவில்லை. அது மட்டும் கொஞ்சம் நொந்தது.

அந்தப் பத்து நாளில் படங்களைப் பார்த்தேன். தாலிப் படத்தை நிமிர்த்தாமல் வைத்துக்கொண்டு ஓரம் ஓரமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். இனி எந்த ஓரத்தையும் பார்க்காமல் விடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இடதுபக்கக் கோடியில், வளைந்த குசினிக் கதவுக்கு முன்னால் மச்சாள் குதிக்காலைத் தூக்கி நின்றா. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தாலியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவவுடைய வலக்கை தலைக்கு மேலே நீண்டு விரிந்திருந்தது. விரலுக்கு மேலே மஞ்சள் புள்ளிகள்.

அரிசி எறிந்திருக்கிறா. என்னைப் பின்னால் நில் என்ற அதே மனுசி.

பதினோராம் நாள் அவவாகவே வந்தா. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தா. திட்ட வந்திருக்கிறா என்று எனக்குத் தெரிந்தது. நான் படத்தைத் திறந்து, அந்த ஓரத்தைப் பெரிதாக்கி, கதிரையை இழுத்துப் போட்டேன். மச்சாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தா. முகம் வெளிறிவிட்டது.

"இதை வெட்டிப் போடு."

"மாட்டன் மச்சாள்."

"சனம் பாக்கும்."

"பாக்கட்டும்."

கோபித்துக்கொண்டு எழும்புவா என்று நினைத்தேன். எழும்பவில்லை. திரையில் அந்தக் கையை விரலால் தொட்டுப் பார்த்தா. பிறகு, கேட்காமலே சொன்னா. அன்று காலையில் அட்சதைக்கு மஞ்சள் போட்டுப் பிசைந்தது அவதானாம். தட்டம் தன்னிடம் வராது என்று தெரிந்துதான் ஒரு பிடியை எடுத்துச் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டாவாம். என் அக்கா என்று பெருமையாகச் சொல்வீர்களே, கேளுங்கள், பெற்ற பிள்ளையை வாழ்த்துவதற்கு அரிசியைக் களவாக முடிந்து வைத்திருந்திருக்கிறா. எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சித்தப்பாவின் டேப்லெட்டை நாலு தரம் உடைத்திருப்பேன்.

"அவளிலை விழுந்ததோ வசந்தி?" என்று கேட்டா.

நீங்கள் என்றால் விழுந்தது அக்கா என்று சொல்லியிருப்பீர்கள். மனத்தை நோகடிக்காதவர் அல்லவா? நான் ஏற்கெனவே ஒரு பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டேன், இன்னொன்று சொல்ல ஏலாது. குசினிக் கதவிலிருந்து மணவறை வரைக்கும் எத்தனை வரிசைக் கதிரை என்று படத்திலேயே எண்ணிக் காட்டினேன்.

"இல்லை மச்சாள். அவ்வளவு தூரத்திலையிருந்து போய்ச் சேராது. நடுவிலை ஆரின்ரையோ தலையிலைதான் விழுந்திருக்கும்."

மச்சாள் சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டா. மீன்கண் ஓரத்திலிருந்து பெரிதாக்கி மண்டப வாசலில் வைத்த உங்கள் படம் இப்போது என் சுவரில் இருக்கிறது, அதை ஒருதரம் பார்த்தா. பிறகு என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடி கேட்டா.

"அப்ப, சின்னவளின்ரை கலியாணத்துக்கு நான் எவ்வளவு கிட்ட நிக்கோணும்?"

மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு, படத்தில் மணவறைப் படியைத் தொட்டுக் காட்டினேன். நான் முழங்கால் ஊன்றின இடத்துக்குப் பக்கத்து இடம். அவ வித்யாவின் அல்பத்தில் அந்தப் படத்தை இரண்டு பக்கம் சேர்த்துப் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டுப் போனா. தூண் வளைந்தபடியே, ஓரத்தில் தானும் நிற்கிறபடியே.

சின்னவளுக்கு வருகிற வைகாசியில் கலியாணப் பேச்சுக்கால் முற்றாகும் போலத் தெரிகிறது. இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. அவளின் கலியாணத்தன்று அட்சதைத் தட்டத்தை நானே வாங்கிக்கொண்டு போய் உங்கள் அக்காவிடம் நீட்டுவேன். அவவை முன்னுக்குக் கூட்டிக்கொண்டுவந்து மணவறைப் படியில் நிறுத்துவேன். மறிக்கிறவர்கள் மறித்துப் பார்க்கட்டும். அவ எறிகிற அரிசி இந்தமுறை பிள்ளையின் தலையில் விழும், விழுகிறதை நான் பக்கத்தில் நின்று எடுப்பேன்.

உங்கள் மனைவியும், பவானி மச்சாளின் தம்பி பெண்சாதியும்,
வசந்தி
எசன்